சும்மா வந்த பந்து

செவுரு என்றால் எங்கள் குடிநீர் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். டேபிள் டென்னிஸ் மேசைக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுவிட்டால், நீங்கள் என்ன அடித்தாலும் திரும்பி வந்துவிடும். அவராக ஓங்கி அடித்து ஒரு புள்ளி எடுத்ததை நான் பார்த்ததே இல்லை. மேசையை விட்டுத் தள்ளி நின்றுகொண்டு, வருகிற பந்தையெல்லாம் அடியில் ஒரு வெட்டு வெட்டி மிதக்க விடுவார். எதிராளி அடிப்பான், மறுபடி அடிப்பான், கடைசியில் பொறுமை போய் வெளியே அடித்துவிட்டுத் தன் மட்டையை முறைத்துப் பார்ப்பான். இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பந்துக்கு நிற்பார்.

நான் பில் பிரிவு. பெண்கள் ஆட்டத்தில் எங்கள் அலுவலகத்துக்காக நான் ஆடுகிறேன். அவரை அண்ணா என்பேன். இருபது வருடங்களுக்கு மேல் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக நின்று ஆடியதால், வீட்டில் ஒரு பாத்திரம் குறைந்தால்கூட எனக்குச் சொல்லிவிடுவார். பேச்சு அவ்வளவாக வராத மனிதர், என்னிடம் மட்டும் பேசுவார்.

விளையாட்டுக்காக வேலைக்கு எடுக்கப்பட்டவர் அவர். ஆனால் நாள் முழுக்கச் செய்தது மீட்டர் சோதனை. தண்ணீர் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று யாராவது கழற்றிக்கொண்டு வருவார்கள். இவர் அதை மேசையில் பொருத்தி, அளந்து வைத்த தண்ணீரை அதன் வழியே விட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். பத்துக்கு ஒன்பது மீட்டர் சரியாகத்தான் இருக்கும். வீட்டில் யாரோ குழாயை மூடாமல் போயிருப்பார்கள். அதற்குத் திட்டு வாங்குவது செவுரு. "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டி வழியனுப்புவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணி வாயாடி. அதாவது, வாயாடியாக இருந்தவர். ஆட்டம் பார்க்க வருவார், பத்தே நிமிடத்தில் நாற்காலியில் தூங்கிவிடுவார். "உங்க அண்ணன் ஆடறதப் பாத்தா குழந்தையத் தொட்டில்ல போட்டு ஆட்டற மாதிரி இருக்கும்மா, எங்கேருந்து முழிச்சிருக்கறது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக விழுங்குவது போயிற்று. மூக்கில் குழாய் வைத்துத்தான் மருத்துவமனையிலிருந்து அனுப்பினார்கள்.

அந்தக் குழாயை எடுக்கவைத்தவர் அண்ணன். எப்படி ஊட்டுவது என்று கற்றுக்கொண்டார். அண்ணியை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைத் தாழ்த்தச் சொல்லி, மசித்த சோற்றைக் கரண்டி நுனியில் எடுத்து, வாயின் நல்ல பக்கத்தில் வைப்பார். பிறகு தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது ஒரு தடவை ஏறி இறங்கும். போதாது. இன்னொரு தடவை ஏறி இறங்க வேண்டும். அதுவரை அடுத்த கரண்டி கிடையாது. ஒரு கிண்ணம் காலியாக முக்கால் மணி நேரம் பிடிக்கும். அலுவலகத்துக்குப் பின்சந்தில்தான் வீடு. விளையாட்டுக்காரர்களுக்குப் பயிற்சிக்கென்று மதியம் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. அந்த நேரத்தில் செவுரு சந்தில் ஓடுவதை ஊரே பார்க்கும். பயிற்சி எங்கே நடக்கும்? இரண்டு வருடமாக முதல் சுற்றிலேயே தோற்றுக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் இன்னொருவனும் இருக்கிறான், அண்ணியின் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். முப்பது வயதைத் தாண்டியவன், கல்யாணம் ஆகவில்லை, உலகத்தில் எதையும் ஆளைப் பிடித்து முடித்துவிடலாம் என்று நம்புகிறவன். அக்காவுக்குத் துணி துவைப்பான், புரட்டிப் படுக்கவைப்பான், முகம் சுளிக்காமல் எல்லாம் செய்வான். கரண்டியை மட்டும் தொடமாட்டான். ஆரம்பத்தில் ஒரு மதியம் அவன் ஊட்டியிருக்கிறான். அவசரத்தில் அடுத்த வாய் போய்விட்டது. அண்ணிக்குப் புரையேறி, உதடு நீலம் பாரித்து, கண் செருகிவிட்டது. பிழைத்தது பெரிய காரியம். அன்றிலிருந்து சோற்றுக் கிண்ணத்தைக் கண்டால் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

இப்படி ஒருவாறு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்குப் புது அதிகாரி வந்தார். விளையாட்டுக்காக வேலையில் சேர்ந்தவர்கள் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். மொத்தமே நாங்கள் இரண்டு பேர்.

"உங்கள எதுக்கு எடுத்தாங்க?" என்று அண்ணனைக் கேட்டார்.

"ஆடறதுக்கு சார்."

"ஆடறீங்களா?"

அண்ணன் தரையைப் பார்த்தார். அந்த அம்மா போன வருடம் இறுதி ஆட்டம் வரை போயிருக்கிறார் என்று என்னைக் காட்டி வேறு சொன்னார் அதிகாரி. தரை பிளந்து விழுங்கினால் தேவலாம் என்றிருந்தது எனக்கு.

"இந்த வருஷப் போட்டியில கடைசி நாலு பேர்ல நீங்க வரணும். வந்தா இங்கயே இருங்க, நான் கேக்கவே மாட்டேன். வரலைன்னா எல்லாரையும் போல நீரேற்று நிலையத்துக்குப் போகணும். அங்க ஆளில்லாமத் தவிக்கறாங்க."

நீரேற்று நிலையம் அணைக்கட்டுக்குப் பக்கத்தில். பஸ்ஸில் அரை நாள் போக வேண்டும். அங்கேயே தங்கி முறை வைத்து வேலை, வாரத்துக்கு ஒருமுறை வீடு. அண்ணன் வீட்டு நிலைமையைச் சொல்லிப் பார்த்தார். "நோயாளி இல்லாத வீடு எது சொல்லுங்க" என்றார் அதிகாரி. குரலை உயர்த்தக்கூட இல்லை. கெட்டவர் என்று திட்டவும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

போட்டிக்கு மூன்று மாதம் இருந்தது. யார் யாரோடு ஆடுவது என்ற அட்டவணை வந்ததும் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு மீட்டர் மேசையில் உட்கார்ந்துவிட்டார். முதல் இரண்டு ஆட்டம் தாண்டிவிடலாம். மூன்றாவதில் ஜெயித்தால் கடைசி நான்கு. அந்த மூன்றாவதில் எதிரே வரப்போகிறவர் மின்சார அலுவலகத்துப் பம்பரம்.

பம்பரத்தை அண்ணன் ஜெயித்ததே இல்லை. அவர் சர்வீஸ் போட்டால் பந்து பம்பரம்தான். பந்தின் அடிவயிற்றைச் சுரண்டி அனுப்புவார். பார்ப்பதற்குச் சாதுவாக வரும். சாதாரணமாகத் தட்டினால் நேராக வலையில் போய் விழும். அதைத் திருப்ப வேண்டுமானால் மட்டையை நன்றாக மல்லாத்தி, அடியிலிருந்து தூக்கிவிட வேண்டும்.

மதியம் கிடையாது என்பதால், காலையில் அலுவலகம் திறப்பதற்கு முன்பு ஸ்டோர் அறையில் ஆடினோம். குழாய்கள், துருப்பிடித்த வால்வுகள், நடுவில் மேசை. நான்தான் பம்பரம். மின்சார அலுவலகத்துக்குப் போய் அவர் ஆடுவதைப் பார்த்து, அந்தச் சுரண்டலைப் பழகிக்கொண்டு வந்தேன். என் மணிக்கட்டு வீங்கியது. அண்ணன் முதலில் எல்லாவற்றையும் வலையில் தள்ளினார். பிறகு மட்டை மல்லாந்தது. கொஞ்ச நாளில் பந்து வருமுன்பே மட்டை மல்லாந்தது.

"என்னத் திட்டும்மா" என்றார் ஒரு நாள்.

"எதுக்குண்ணா?"

"அங்க கூட்டம் சத்தம் போடும். எனக்கு இப்பவே பழகணும்."

திட்டினேன். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, பிறகு நன்றாகவே வந்தது. ஸ்டோர்க்காரரும் பெருக்க வருகிற அம்மாவும் சேர்ந்துகொண்டார்கள். அந்த அம்மா திட்டியதைக் கேட்டு நானே இரண்டு பந்தை விட்டேன். செவுரு மட்டும் வியர்வையை வழித்துவிட்டு நின்றார்.

பகல் முழுக்க மனதுக்குள் ஆடினார். மீட்டர் முள்ளைப் பார்ப்பது போல உட்கார்ந்திருப்பார், விரல் மட்டும் மேசை விளிம்பில் மல்லாந்து மல்லாந்து அசையும். புகார் கொடுக்க வந்தவர் இவர் ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று பயந்து மீட்டரை வைத்துவிட்டுப் போன கதையும் நடந்தது. மதியம் ஊட்டும்போது அந்த ஆட்டத்தை அண்ணிக்குச் சொல்வார். தொண்டை இரண்டாவது தடவை அசைவதற்காகக் காத்திருக்கிற நேரத்தில் இரண்டு புள்ளி சொல்லிவிடுவார். நான் ஒரு நாள் கூடப் போயிருந்தபோது, "இன்னிக்கு மூணுக்கு ஒன்னுல ஜெயிச்சேன்" என்று முடித்தார்.

அண்ணி பாதி முகத்தால் சிரித்தார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். "தெனமும்... ஜெயிக்கிறீங்களே."

"தோக்கறத எப்படிடி நெனச்சுப் பாக்கறது" என்றார் அண்ணன். கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தக் குரலைக் கேட்டதும் நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அந்த மனிதருக்கு வேறு வழி எதுவுமே இல்லை. ஊட்டத் தெரிந்த ஆள் வைத்துப் பார்த்தார்கள், அண்ணி வாயைத் திறக்கவில்லை. மறுபடி மூக்குக் குழாய் என்றால் இந்தத் தடவை அது நிரந்தரம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

போட்டி ஒரு விடுமுறை நாளில் நடந்தது, நகரசபை அரங்கில். அண்ணிக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அம்மா இருந்தார். நாங்கள் மச்சினனின் பள்ளிக்கூட வேனில் போனோம், முழங்காலை மடக்கிக்கொண்டு, குழந்தைகளுக்கான இருக்கைகளில். மச்சினன் வழியெல்லாம் சீழ்க்கை அடித்தான். "கவலையே படாதீங்க மாமா, இன்னிக்கு உங்க நாள்" என்றான். எனக்கு எரிச்சலாக வந்தது.

முதல் இரண்டு ஆட்டத்தையும் அண்ணன் நினைத்தபடியே முடித்தார். மூன்றாவதுக்குப் பம்பரம் வந்து கை கொடுத்தார். உயரமான ஆள், காது மடலில் நரைமுடி. அண்ணன் கண்ணைப் பார்க்காமல் மேசைக்குப் போனார். பயிற்சியாளர் நாற்காலியில் நான்.

ஐந்து கேம், ஒவ்வொன்றும் பதினோரு புள்ளி, மூன்று ஜெயித்தால் வெற்றி. அண்ணனின் இரண்டு சர்வீஸ் முடிந்து பம்பரம் சர்வீஸ் போட்டார். அண்ணனின் மட்டை மல்லாந்தது, பந்தைத் தூக்கினார். பந்து எழும்பி, மேசையைத் தாண்டி, பின்னாலிருந்த பலகையில் போய் இடித்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். நான் முன்னால் குனிந்து பார்த்தேன். பம்பரம் சுரண்டவே இல்லை. பந்தில் சுழற்சி ஒன்றுமே இல்லாமல், சும்மா எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் நடுவிலும் அவர் அடிக்கவில்லை. மெதுவாக, பதமாக, மேசையின் நடுவில் பந்தை வைத்தார். வேகமாக வந்தால் வெட்டித் திருப்பத் தெரிந்த அண்ணனுக்கு, சும்மா வந்த பந்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. வெட்டினால் மேலே போயிற்று, தூக்கினால் வெளியே போயிற்று.

முதல் கேம் போனது. "அண்ணா, பந்துல ஒன்னுமே இல்ல. சும்மா தட்டுங்க" என்றேன்.

"இல்லம்மா, ஏமாத்தறாரு. சுத்தல உள்ள வெச்சிருக்காரு" என்றார். கண்ணில் பயம் தெரிந்தது. மூன்று மாதமாக மனதுக்குள் ஆடிய பம்பரத்தை விட்டு எதிரே நிற்கிற பம்பரத்தை அவரால் பார்க்க முடியவில்லை. இரண்டாவது கேமும் போனது. மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த மச்சினன் சீழ்க்கையை நிறுத்தியிருந்தான்.

தண்ணீர் குடிக்க இருவரும் ஒரே மூலைக்கு வந்தார்கள். பம்பரத்தின் முகம் அண்ணன் முகத்தைவிடக் களைத்திருந்தது.

"யோவ், நான் என்னய்யா பண்ணட்டும்" என்றார் தாழ்ந்த குரலில். "ஊட்டிவிடற மாதிரி குடுக்கறேன், ஒன்னக்கூட வாங்க மாட்டேங்கற. நானா வலையில அடிச்சா பாக்கறவன் சிரிப்பான். நீ அடிச்சுக்க வேண்டியதுதானே?"

அண்ணனுக்குப் புரியச் சற்று நேரமானது. "யாரு சொன்னா உங்ககிட்ட?"

பம்பரம் மோவாயால் மேலே காட்டினார். "உன் மச்சினன் வீட்டுக்கே வந்துட்டான். வாசல்ல நின்னு அழறான்யா, என்னால அக்காவுக்கு ஊட்ட முடியாது, மாமா போயிட்டா நான் அவள கொன்னுடுவேன்னு. எனக்கு ஒரு சுற்று கூடப் போய் என்ன ஆகப்போகுது? போகட்டும்னு நெனச்சேன்."

எனக்குப் பற்றி எரிந்தது. மேலே போய் அந்த மச்சினனை வேன் சாவியாலேயே குத்தலாமா என்றிருந்தது. ஆனால் அடுத்த நொடியே என் புத்தி எங்கே போயிற்று என்றால், கிடைத்ததை விடக்கூடாது என்று போயிற்று. "அண்ணா, நல்லதுதானே. ஓங்கி அடிங்க. அவர் விட்டுடுவாரு, அடிச்சு முடிங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நியாயம் அநியாயமெல்லாம் அந்த மூலைக்கு வரவே இல்லை.

"எனக்கு அடிக்க வராதேம்மா" என்றார் அண்ணன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்கு வெட்கப்பட்டவர் போலச் சொன்னார். பிறகு பம்பரத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க ஒழுங்கா ஆடுங்க. எவ்வளவு முடியுமோ அவ்வளவு சுத்திப் போடுங்க. அடிங்க. அப்பத்தான் எனக்கு ஏதாவது வழி இருக்கு. கெஞ்சிக் கேக்கறேன்."

ஜெயிப்பதற்காக எதிராளியிடம் நன்றாக ஆடச் சொல்லிக் கெஞ்சிய ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மூன்றாவது கேமில் பம்பரம் பழைய பம்பரமானார். பந்து சீறிக்கொண்டு வந்தது, செவுரு செவுரானார். மட்டை மல்லாந்தது, பந்து தாழ்வாக வலையைத் தாண்டிப் போய் மேசையில் விழுந்தது. பம்பரம் அடித்தார், இவர் வெட்டினார். பக்கத்து மேசையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது இவருக்கு. நான்காவதும் இவருக்கு. அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி மூச்சு வாங்கினார். நான் துண்டை மட்டும் நீட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

ஐந்தாவது கேம் ஒன்றுக்கு ஒன்றாகவே ஏறியது. கடைசியில் பம்பரத்துக்குப் பத்து, அண்ணனுக்கு ஒன்பது. சர்வீஸ் பம்பரத்துக்கு. இந்தப் புள்ளி போனால் எல்லாம் போயிற்று.

பம்பரம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். வழக்கமாகப் பார்க்கமாட்டார். வேண்டுமென்றே பார்த்தாரா, மூச்சு வாங்கத்தான் நின்றாரா, யாருக்குத் தெரியும்? நான் நாற்காலியிலிருந்து அதைப் பார்த்தேன், அண்ணனும் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்ததாகவே எனக்குப் பட்டது. பந்து எழும்பி இறங்கியது, சாதுவாக வந்தது.

அண்ணனின் மட்டை மல்லாந்தது. பிறகு, கடைசி நொடியில், நிமிர்ந்தது. சும்மா வந்த பந்துக்குத் தட்டுவது போல மெதுவாகத் தட்டினார். பந்து நேராக வலையில் போய் விழுந்து, அவர் பக்கத்திலேயே உருண்டு வந்தது.

கூட்டம் கை தட்டியது. பம்பரம் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். "ஒழுங்காத்தானேய்யா போட்டேன், நீ சொன்ன மாதிரி" என்றார்.

"ஆமா சார். ஒழுங்காத்தான் போட்டீங்க" என்றார் அண்ணன். "நான்தான் நம்பல."

மூன்று மாதம் இரண்டு பேரின் மணிக்கட்டும் வீங்கப் பழகிய பந்து அது. வேறு எந்த நாளில் வந்திருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பியிருப்பார்.

திரும்பும்போது வேனை மச்சினன் ஓட்டிக்கொண்டே அழுதான். அவனைத் திட்ட நான் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் அதோடு போயிற்று. அவன் பயந்துபோய்ச் செய்தான். நாங்கள் எல்லோரும் பயந்துபோய்த்தான் இருந்தோம்.

வீட்டுக்குப் போனபோது மதியம் தாண்டியிருந்தது. அண்ணி பசியோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பக்கத்து வீட்டு அம்மா சோற்றை மசித்து வைத்துவிட்டுப் போனார். அண்ணன் தலையணைகளை அடுக்கி அண்ணியை நிமிர்த்தி உட்காரவைத்தார். கிண்ணத்தை எடுத்தார். பிறகு மச்சினனிடம் திரும்பினார்.

"கையக் கழுவிட்டு வா."

"மாமா, வேணாம் மாமா. என்னால முடியாது."

"கழுவிட்டு வாப்பா."

கழுவிவிட்டு வந்தான். அண்ணன் அவனைத் தன் இடத்தில் உட்காரவைத்து, கரண்டியை அவன் விரல்களுக்குள் வைத்தார். "நுனியில மட்டும் எடு. அவ தாடைய எறக்கட்டும். இந்தப் பக்கம். தொண்டையப் பாரு, என்னப் பாக்காத."

அண்ணி தன் தம்பியைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார், நெடுநேரம். புரையேறிய அந்த மதியத்துக்குப் பிறகு அண்ணனைத் தவிர யாருக்கும் திறக்காத வாய் அது. இன்றும் திறக்கமாட்டார் என்று நினைத்தேன். அண்ணி தாடையைத் தாழ்த்தி, வாயைத் திறந்தார்.

அவர் வாய் திறந்தபோது அண்ணனின் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கக் கூடாது. தோற்ற இடத்தில்கூட அவர் முகம் அப்படி ஆகவில்லை.

தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. மச்சினன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இன்னொரு தடவை ஏறி இறங்கியது. கண்ணீர் வழிய அவன் இரண்டாவது கரண்டியை எடுத்தான். அண்ணன் கட்டிலின் கால்மாட்டில், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"மெதுவா குடுப்பா" என்றார். "இன்னும் மெதுவா."

அவன் மெதுவாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தான்.